காப்பித் தண்டும் கடைவாய்ப் பல்லும்

ஏற்காட்டில் என் மாமாவுக்கு நான்கு ஏக்கர் காப்பித் தோட்டம் இருக்கிறது. தோட்டத்தைச் சுற்றி வரும்போது அவர் இலைகளைப் பார்ப்பதில்லை, தண்டைத்தான் பார்ப்பார். வெள்ளைத் தண்டுத் துளைப்பான் என்னும் வண்டின் புழு உள்ளே புகுந்துவிட்டாலும் செடி மாதக்கணக்கில் பச்சையாகவே நிற்கும். பட்டையில் வரப்புபோல் ஒரு புடைப்பு விரலில் தட்டுப்பட்டால் அன்றே பிடுங்கி எரித்துவிடுவார். இலை வாடும்வரை காத்திருப்பவனுக்குத் தோட்டம் தங்காது என்பது அவர் கட்சி.

அதே மனிதர் தன் கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு மூன்று வருடம் தவணை கொடுத்தார்.

எட்டு ஆண்டுகளுக்கு முன் சேலத்தில் வேர் சிகிச்சை செய்த பல் அது. ஒருநாள் மாலை தட்டுவடை செட் சாப்பிடும்போது அதன் மேலிருந்த கேப் கழன்று வந்துவிட்டது. வலிக்கவில்லை. கேப்பைத் தாளில் மடித்து அலமாரியில் வைத்தார். சில மாதங்களில் ஈறில் ஒரு பரு வந்தது. உடைந்தால் உப்புக் கரிக்கும், பிறகு அடங்கிவிடும், அடுத்த மாதம் திரும்பவும் தலைகாட்டும். கேட்டால், "அதுதான் உடைந்துவிட்டதே, சரியாகிவிட்டது" என்பார்.

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். பல்லின் நடுவே நரம்பும் இரத்தக் குழாய்களும் கொண்ட பற்கூழ் இருக்கிறது. வேர் சிகிச்சையில் அதை முழுவதும் எடுத்து, கால்வாயைக் கழுவி, கட்டாபர்ச்சா என்னும் மரப்பாலில் செய்த பொருளால் அடைக்கிறார்கள். (19ஆம் நூற்றாண்டில் கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையாக இருந்ததும் இதே பொருள்தான்.) நரம்பு போனபின் அந்தப் பல்லுக்குச் சூடும் தெரியாது, குளிரும் தெரியாது. மற்றப் பற்களில் சொத்தை ஆழமானால் ஐஸ் தண்ணீர் காட்டிக்கொடுத்துவிடும். இதில் காட்டிக்கொடுக்க ஆளில்லை. வேரைச் சுற்றியுள்ள தசைநாரில் மட்டும் உணர்வு மிஞ்சியிருப்பதால், கடிக்கும்போது லேசாக உறுத்தலாம். அதையும் பலர் மறுபக்கம் மென்று சமாளித்துவிடுகிறார்கள்.

கேப் கழன்ற இடம் திறந்த கதவு. எச்சில் கசிந்து இறங்க, அதனோடு பாக்டீரியாக்களும் இறங்குகின்றன. இந்த நோயில் குற்றவாளி பாக்டீரியாதான் என்பதை 1965இல் காகெஹாஷி, ஸ்டான்லி, ஃபிட்ஸ்ஜெரால்ட் ஆகிய மூவர் எலிகளை வைத்துக் காட்டினார்கள். எலிகளின் பல்லைத் துளைத்துப் பற்கூழைத் திறந்து விட்டார்கள். சாதாரண எலிகளுக்குப் பற்கூழ் அழுகிச் சீழ் கட்டியது. கிருமியே இல்லாத சூழலில் வளர்த்த எலிகளுக்கோ, துளைக்குள் உணவு அடைத்துக்கொண்ட போதும், காயத்தை மூடப் புதிய பல்திசு வளர்ந்தது.

சிகிச்சை தோற்ற பற்களில் அடிக்கடி அகப்படுவது என்டரோகாக்கஸ் ஃபீகாலிஸ் என்னும் பாக்டீரியா. பட்டினி கிடந்து பிழைக்கும், பல் சுவரின் நுண்குழல்களுக்குள் நுழைந்து ஒளியும், கால்வாயில் மருத்துவர் வைக்கும் காரத்தன்மையுள்ள மருந்தைக்கூடத் தாங்கும். இதற்கு மருந்துக்கடையில் மாத்திரை வாங்கி விழுங்கிப் பயனில்லை. மாத்திரை இரத்தத்தின் வழியாகத்தான் போக வேண்டும். பற்கூழை எடுத்த பல்லுக்குள் இரத்த ஓட்டமே கிடையாது. வெளியே பரவிய வீக்கம் தணியலாம், கால்வாய்க்குள் இருக்கும் கூட்டம் அப்படியே இருக்கும்.

வேர்நுனியில் நச்சு கசியத் தொடங்கியதும் உடலின் பாதுகாப்புச் செல்கள் அங்கே குவிகின்றன. அவற்றின் சமிக்ஞையால் எலும்பைக் கரைக்கும் செல்கள் தூண்டப்பட்டு, அமிலம் சுரந்து, வேரைச் சுற்றியுள்ள எலும்பை அரிக்கின்றன. எலும்பைக் கரைப்பது கிருமி அல்ல, நம் உடலேதான். ஏற்காட்டு அடிவாரத்துச் சுண்ணாம்புக் கரட்டில் வெள்ளைக்கல் வெட்டிய பள்ளங்கள் பஸ்ஸில் போகிறவர் கண்ணில்கூடப் படும். தாடைக்குள் விழும் பள்ளம் அப்படிப் படாது. எலும்பின் தாதுவில் ஏறக்குறைய 30 முதல் 50 சதவீதம் கரைந்தபின்தான் சாதாரண எக்ஸ்ரேயில் கருநிழலாகத் தெரிய வரும்.

உள்ளே சேரும் சீழ் எலும்பைத் துளைத்து ஈறுக்கு வழி கண்டுபிடித்துவிட்டால் அழுத்தம் குறைந்து வலி நின்றுவிடும். மாமாவின் பரு அந்த வடிகால்தான். வடிகால் அடைபட்டால் சீழ் வேறு வழி தேடும். மேல் கடைவாய்ப் பல்லானால் கன்னத்து எலும்புக்குள் உள்ள சைனஸ் அறைக்குப் போய், ஒரு பக்க மூக்கில் மட்டும் நாற்றமடிக்கும் சளியாக வரலாம். கீழ்த்தாடையின் பின்பற்களில் நிலைமை இன்னும் மோசம். அவற்றின் வேர்நுனி, வாயின் தரையாக விரிந்த தசைக்குக் கீழே இருப்பதால், சீழ் நேராகக் கழுத்தின் மேற்பகுதிக்கு இறங்கும். இரு பக்கமும் பரவினால் நாக்கு மேலே தள்ளப்பட்டு மூச்சுவழி அடைபடும். இதை 1836இல் விவரித்த ஜெர்மானிய மருத்துவர் லுட்விக்கின் பெயரில்தான் இன்றும் அழைக்கிறார்கள். எல்லாருக்கும் இது வராது. ஆனால் சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கு ஆபத்து கூடுதல். மாமாவுக்குச் சர்க்கரை உண்டு.

மார்கழியில், பழம் பறிப்பு உச்சத்தில் இருந்தபோது அவருக்குத் தாடைக்குக் கீழே வீங்கியது. வாய் ஒரு விரல் அளவுக்கு மேல் திறக்கவில்லை, எச்சில் விழுங்க முடியவில்லை. 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி சேலம் வந்து சேரும்வரை நான் அவர் மூச்சையே கேட்டுக்கொண்டு வந்தேன். கீறிச் சீழை வடித்து, இரத்தக் குழாய் வழி மருந்து ஏற்றினார்கள். பல்லைக் காப்பாற்ற முடியவில்லை. கேப் இல்லாமல் மூன்று வருடம் மென்றதில் வேர்வரை விரிசல் ஓடியிருந்தது. கேப் கழன்ற வாரமே வந்திருந்தால் பழைய அடைப்பை எடுத்து மறுபடி சுத்தம் செய்திருக்கலாம், தேவைப்பட்டால் வேர்நுனியை அறுவை செய்து நீக்கியிருக்கலாம். இப்போது எலும்பும் கரைந்துவிட்டதால், இம்பிளாண்ட் என்னும் செயற்கைப் பல்வேர் வைப்பதற்கு முன் எலும்பு நிரப்ப வேண்டியிருக்கும்.

வாய் முழுவதையும் எடுத்த எக்ஸ்ரேயில் மேலே இன்னொரு பழைய வேர் சிகிச்சைப் பல்லின் நுனியிலும் சிறு நிழல். எல்லா நிழலும் தோல்வி அல்ல, ஆறிவரும் எலும்பும் ஒரு வருடம், சில சமயம் நான்கு வருடம்வரை நிழல் காட்டும். ஆனால் இந்தச் சிகிச்சைக்கு வயது பத்து. மேல் முதல் கடைவாய்ப் பல்லில் வேர் மூன்றுதான், பாதிக்கும் மேற்பட்டோருக்குக் கால்வாய் நான்கு. நுண்ணோக்கியில் தேடியபோது அந்த நான்காவது, தொடப்படாமலே கிடந்தது. இரண்டு அமர்வுகளில் சுத்தம் செய்து அடைத்து, அந்த வாரமே கேப்பும் போட்டாயிற்று. நிழல் சுருங்குகிறதா என்று பார்க்க அடுத்த எக்ஸ்ரே வரும் பிப்ரவரியில், பறிப்பு முடிந்ததும்.