பவுச் அச்சடிக்கும் முன்: பிராண்ட் பெயருக்கான டிரேட்மார்க் தேடலை எப்படிச் செய்வது?

மசாலாப் பொடி, செக்கு எண்ணெய், முறுக்கு என்று சிறிதாகத் தொடங்கும் உணவுத் தொழில்களில் வேலைகள் பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் நடக்கின்றன. முதலில் பெயர், அடுத்து லோகோ, பிறகு ஜி.எஸ்.டி., உணவுப் பாதுகாப்பு உரிமம், பவுச் அச்சு. சரக்கு கடைக்குப் போய் நாலு பேர் கேட்டு வாங்கத் தொடங்கிய பிறகே டிரேட்மார்க் நினைவுக்கு வருகிறது. இந்த வரிசைதான் காசைக் கரைக்கிறது. கிராவூர் முறையில் பவுச் அச்சடிக்க நிறத்துக்கு ஒரு சிலிண்டர் வெட்ட வேண்டும். பெயர் மாறினால் அந்தப் பெயர் விழும் நிறங்களுக்கெல்லாம் சிலிண்டரை மறுபடி வெட்ட வேண்டும். அடித்து வைத்த ரோல் அத்தனையும் வீண்.

“ஜி.எஸ்.டி. சான்றிதழில் இந்தப் பெயர்தானே இருக்கிறது” என்று பலர் தைரியமாக இருக்கிறார்கள். அது வரிக்கான பதிவு. அதே பெயரை நூறு பேர் வைத்திருக்கலாம். கம்பெனிப் பெயர் கிடைத்துவிட்டாலும் நிம்மதி இல்லை. பதிவான டிரேட்மார்க்கோடு அந்தப் பெயர் ஒத்துப்போனால், அந்தக் குறியின் (டிரேட்மார்க்கின்) உரிமையாளர் கம்பெனி பதிவான 3 ஆண்டுகளுக்குள் முறையிட்டுப் பெயரை மாற்றச் சொல்லலாம். கம்பெனிகள் சட்டத்தின் 16-வது பிரிவு அதற்கு இடம் தருகிறது. டொமைன் பெயர் கிடைத்ததை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது.

தேடலுக்குக் கட்டணம் கிடையாது. டிரேட்மார்க் பதிவகத்தின் இணையதளத்தில் பொதுத் தேடல் பக்கம் இருக்கிறது. பெயரை வைத்துத் தேடலாம், ஒலியை வைத்துத் தேடலாம், படத்தை வைத்தும் தேடலாம். பெயர்த் தேடலில் மூன்று வழிகள்: அப்படியே பொருந்துவது, அந்த எழுத்துகளில் தொடங்குவது, அந்த எழுத்துகளை உள்ளே கொண்டது. புதிதாகத் தேடுகிறவர் முழுப் பெயரைப் போட்டு, அப்படியே பொருந்துவதைத் தேர்ந்தெடுப்பார். ஒன்றும் வராது. பெயர் காலி என்று முடிவு கட்டிவிடுவார். ஆனால் பதிவகத்தில் விண்ணப்பத்தைப் பரிசோதிப்பவர் அப்படியே பொருந்துவதை மட்டும் பார்ப்பதில்லை. 1999-ஆம் ஆண்டு டிரேட்மார்க் சட்டத்தின் 11-வது பிரிவின்படி, குழப்பம் ஏற்படுத்தும் அளவுக்கு ஒத்திருந்தாலே மறுப்பதற்கு அது போதும். ஆகவே நீங்கள் தேட வேண்டியது உங்கள் பெயரை அல்ல, உங்கள் பெயரைக் கண்டு எரிச்சலடையக்கூடிய பெயர்களை.

தமிழ்ப் பெயர்களில் இது இன்னும் கடினம். பதிவேட்டில் பெரும்பாலான தமிழ்ப் பெயர்கள் ஆங்கில எழுத்தில்தான் கிடக்கின்றன, அதுவும் விண்ணப்பித்தவர் மனம்போன போக்கில் எழுதிய எழுத்துக்கூட்டில். சாம்பார் பொடிக்கு ‘மகிழம்’ என்று பெயர் வைக்க நினைப்பதாக வைத்துக்கொள்வோம். ‘கி’யில் உள்ள ககரத்துக்குக் கே, ஜி, எச் என மூன்றில் எதையும் போடுவார்கள். ‘ழ’வுக்கு இசட்டும் எச்சும் சேர்த்து எழுதுபவர் உண்டு, எல் போடுபவர் உண்டு, வெறும் இசட்டோடு விடுபவரும் உண்டு. மூன்றை மூன்றால் பெருக்கினால் ஒரே பெயருக்கு ஒன்பது எழுத்துக்கூட்டு. தகரம் வந்தால் டி, டி-எச் என எண்ணிக்கை இன்னும் பெருகும். சகரத்துக்கு எஸ், சி-எச், எஸ்-எச். நெடில் உயிருக்கு ஓர் எழுத்தா இரண்டா என்ற குழப்பம் வேறு. ஒலித் தேடல் இதையெல்லாம் பிடித்துவிடும் என்று நம்பி இருக்காதீர்கள். நம் ழகரத்தை மனத்தில் வைத்துச் செய்யப்பட்ட கருவி அல்ல அது.

இதற்கு எளிய வழி துண்டு துண்டாகத் தேடுவது. ‘மகி’ என்ற முதல் துண்டை மூன்று எழுத்துக்கூட்டிலும் ‘தொடங்குவது’ என்று ஒரு முறை, ‘இழம்’ என்ற பின் துண்டை மூன்று எழுத்துக்கூட்டிலும் ‘உள்ளே கொண்டது’ என்று ஒரு முறை. ஒன்பது முழுப் பெயர்களும் இந்த ஆறு தேடலில் அடங்கிவிடும். போனஸாக மகிழ், மகிழன், மகிழினி போன்ற அண்டை வீட்டுக்காரர்களும் வெளியே வருவார்கள். பிறகு ‘ஸ்ரீ’, ‘நியூ’, ‘கோல்டு’ போன்ற ஒட்டுகளை நீக்கிவிட்டுப் பாருங்கள். ஏற்கெனவே ஒரு மகிழம் இருந்தால் ‘ஸ்ரீ மகிழம்’ தப்பிக்காது. பொருளாலும் பாருங்கள்: தாமரை என்று வைக்கும்போது லோட்டஸ், கமல், பத்மம் எல்லாவற்றையும் தட்டிப் பார்ப்பது நல்லது.

ஒத்திருக்கிறதா என்று எப்படி முடிவு செய்வது? இரண்டு பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பூதக்கண்ணாடியால் பார்ப்பது முறையல்ல. அமிர்ததாரா, லக்ஷ்மண்தாரா என்ற இரு மருந்துப் பெயர்கள் பற்றிய வழக்கில் 1962-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன அளவுகோல்தான் இன்றும் புழங்குகிறது: சராசரி அறிவும் அரைகுறை நினைவும் கொண்ட வாங்குபவர் முழுப் பெயரைக் கேட்டால் குழம்புவாரா? கடையில் அம்மா சொல்லி அனுப்பிய பெயரைப் பையன் தடுமாறிக் கேட்கிறான்; கடைக்காரர் எதை எடுத்துக் கொடுப்பார்? இந்தக் காட்சியை மனத்தில் ஓட்டிப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

அடுத்தது கிளாஸ், அதாவது பொருள்களையும் சேவைகளையும் பதிவகம் பிரித்து வைத்திருக்கும் வகை எண். பொருள்களுக்கு 1 முதல் 34 வரை, சேவைகளுக்கு 35 முதல் 45 வரை. தேடல் பக்கம் ஒரு நேரத்தில் ஒரு கிளாஸைத்தான் காட்டும்; மசாலாப் பொடி 30-ல் வருகிறது என்று அதை மட்டும் பார்த்துவிட்டு எழுந்துவிடுகிறார்கள். ஊறுகாய், சமையல் எண்ணெய், நெய் 29-ல் இருக்கின்றன. பானங்கள் 32, கடை நடத்துவது 35, உணவகம் 43. சாம்பார் பொடிக்குத் தேடுகிறவர் குறைந்தது 29, 30, 35, 43 நான்கையும் பார்க்க வேண்டும். 1959-ல் தீர்ப்பு வந்த குளுவிட்டா வழக்கு இதற்குப் பழைய பாடம். குளுக்கோவிட்டா என்பது குளுக்கோஸ் மாவு; குளுவிட்டா பிஸ்கட். பொருள் வேறுதான், ஆனாலும் குளுக்கோஸ் பிஸ்கட்டில் சேர்கிற சரக்கு, மக்கள் இரண்டையும் ஒரே நிறுவனம் செய்ததாக நினைப்பார்கள் என்று சொல்லி உச்ச நீதிமன்றம் குளுவிட்டாவுக்குப் பதிவை மறுத்தது. எதிர்ப்பக்கமும் உண்டு. கர்நாடகப் பால் கூட்டமைப்பின் நந்தினிக்கும் பெங்களூரு உணவக நிறுவனத்தின் நந்தினி டீலக்ஸுக்கும் நடந்த வழக்கில், ஒரே கிளாஸ் என்பதாலேயே எல்லாப் பொருளுக்கும் ஏகபோகம் வந்துவிடாது என்று 2018-ல் தீர்ப்பு வந்தது. பால், பால் பொருள்களைத் தவிர்த்துவிட்டு உணவக நிறுவனம் பதிவைப் பெற முடிந்தது. ஆகவே கிளாஸ் எண்ணைவிட, அந்தக் குறிக்கு எதிரே எழுதியிருக்கும் பொருள் பட்டியலைப் படிப்பதே முக்கியம்.

முடிவுகளில் வரும் நிலைச் சொற்களைத் தவறாகப் படிப்பவர்கள் நிறைய. ‘அப்ஜெக்டட்’ என்றால் பதிவகப் பரிசோதகர் ஆட்சேபம் எழுப்பியிருக்கிறார் என்று பொருள். ‘அப்போஸ்டு’ என்றால் வெளியாள் ஒருவர் எதிர்த்து மனு போட்டிருக்கிறார். இரண்டுமே உயிரோடு இருக்கும் விண்ணப்பங்கள், உங்களுக்குத் தடையாகலாம். ‘அபாண்டண்டு’ என்றால் விண்ணப்பம் கைவிடப்பட்டது. பெரும்பாலும் பரிசோதனை அறிக்கைக்கு 30 நாளில் பதில் போடாததால் வருவது. விண்ணப்பம் செத்தாலும் அந்த ஆள் அதே பெயரில் கடையில் விற்றுக்கொண்டிருக்கலாம். ‘ரிமூவ்டு’ இன்னும் நுணுக்கமானது. பத்து ஆண்டுக்கொரு முறை புதுப்பிக்காததால் நீக்கப்பட்ட குறி, நீக்கிய நாளிலிருந்து ஓர் ஆண்டுக்குப் புது விண்ணப்பங்களைப் பொறுத்தவரை பதிவேட்டில் இருப்பதாகவே கருதப்படும். நீக்குவதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில் அதை உண்மையாகப் பயன்படுத்தவே இல்லை என்பது போன்ற காரணம் காட்டினால் மட்டும் விலக்கு. பெயர் காலியாகிவிட்டது என்று துள்ளிக் குதிப்பதற்கு முன் நீக்கிய தேதியைப் பாருங்கள்.

லோகோவில் படம் இருந்தால் அதற்கும் ஒரு சுற்றுத் தேட வேண்டும். யானை, மயில், விளக்கு என்று ஒவ்வோர் உருவத்துக்கும் வியன்னா வகைப்பாட்டில் எண் உண்டு. அந்த எண்ணைப் போட்டால் அதே உருவம் கொண்ட குறிகள் வரும்.

இவ்வளவும் பதிவேட்டுக்குள் இருப்பவர்களைப் பற்றி. பதிவேட்டுக்கு வெளியே இருப்பவரே பல நேரம் அதிக ஆபத்தானவர். இந்தியச் சட்டத்தில் முதலில் பதிவு செய்தவரைவிட முதலில் பயன்படுத்தியவருக்கே வலு அதிகம். இதற்கு நமக்கு மிகவும் நெருக்கமான எடுத்துக்காட்டு திருநெல்வேலி இருட்டுக்கடை அல்வா. ‘இருட்டுக்கடை அல்வா’ 1900 முதல் ஒரு குடும்பத்தின் கடை. முன்னால் ‘திருநெல்வேலி’ சேர்த்து இன்னொருவர் பெயர் வைத்து, அதற்குப் பதிவும் பெற்றிருந்தார். 2015-ல் உச்ச நீதிமன்றம், பதிவு இருந்தாலும் முன்பிருந்தே பயன்படுத்தி வருபவரின் உரிமை மேலானது என்று சொன்னது. பதிவுச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டே பெயரை இழக்கலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான வழக்கு தேவையில்லை.

ஆகவே சந்தையிலும் தேட வேண்டும். கூகுளில் பெயரோடு பொருளைச் சேர்த்துத் தமிழிலும் ஆங்கிலத்திலும், அமேசானில், இந்தியாமார்ட்டில், இன்ஸ்டாகிராமில், கூகுள் மேப்பில். உங்கள் மாவட்டத்துக்குள் மட்டும் விற்கப்போவதாக இருந்தாலும் இதைச் சுருக்க வேண்டாம். பதிவு இந்தியா முழுவதற்கும்தான். இணையத்தில் தடமே இல்லாமல் முப்பது வருடம் மளிகைக் கடைகளுக்குப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். மொத்த வியாபாரிகள் இருவரிடம் “இந்தப் பெயரில் ஏதாவது பார்த்திருக்கிறீர்களா?” என்று கேட்பது எந்த மென்பொருளும் தராத தகவலைத் தரும்.

யாருமே வைத்திருக்காத பெயரும் மறுக்கப்படலாம். டிரேட்மார்க் சட்டத்தின் 9-வது பிரிவின்படி பொருளின் தன்மை, தரம், ஊர் ஆகியவற்றை மட்டும் சொல்லும் சொற்களுக்குப் பதிவு பொதுவாகக் கிடைக்காது. ‘மரச்செக்கு எண்ணெய்’, ‘நயம் நெய்’ போன்றவற்றில் தேடல் காலியாக வந்தால் மகிழ்வதற்கு ஒன்றுமில்லை. யாருக்கும் கொடுக்க மாட்டார்கள் என்பதால்தான் காலியாக இருக்கிறது. ஊதுபத்திக்கு ‘ராமாயண்’ என்ற பெயரையும் ஒருவருக்கே உரியதாக்க முடியாது என்று 2015-ல் உச்ச நீதிமன்றம் மறுத்தது. ஊர்ப் பெயரோடு பலகாரத்தைச் சேர்ப்பவர்கள் புவிசார் குறியீட்டுப் பட்டியலையும் பார்க்க வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும் கோவில்பட்டி கடலை மிட்டாயும் அதில் இருக்கின்றன.

தேடி முடித்ததும் முடிவுப் பக்கங்களைத் தேதியோடு சேமித்துவையுங்கள். விண்ணப்பிக்கும் நாளில் முக்கியத் தேடல்களை மட்டும் மறுபடி போடுங்கள். இடைப்பட்ட வாரங்களில் யாராவது நுழைந்திருக்கலாம். வெளிநாட்டில் விண்ணப்பித்தவர் 6 மாதத்துக்குள் இங்கே வந்து அந்தப் பழைய தேதியையே முன்னுரிமையாகக் கோரலாம் என்பதால், இந்தச் சிறு ஆபத்தை எந்தத் தேடலாலும் முழுதாக அகற்ற முடியாது.

இணையவழி விண்ணப்பக் கட்டணம் தனிநபர், ஸ்டார்ட்அப், சிறு நிறுவனத்துக்கு ஒரு கிளாஸுக்கு ரூ.4,500, மற்றவர்களுக்கு ரூ.9,000. சிறு நிறுவனம் என்று காட்ட, மத்திய அரசின் சிறு தொழில் பதிவான உத்யம் சான்றிதழ் வேண்டும். தமிழ் எழுத்தில் குறியைக் கொடுத்தால் ஒலிபெயர்ப்பும் பொருளும் சேர்த்துத் தர வேண்டும். விண்ணப்பித்த பிறகு குறியைக் குறிப்பிடும்படியாக மாற்ற விடமாட்டார்கள். புது விண்ணப்பம், புதுக் கட்டணம்தான். பெயரை எப்போதிலிருந்து பயன்படுத்துகிறீர்கள் என்ற தேதியிலும் கவனம் தேவை. ‘இனிமேல் பயன்படுத்த இருக்கிறேன்’ என்று போட வேண்டிய இடத்தில், பலமாக இருக்கட்டும் என்று மூன்று வருடம் முந்தைய தேதியைப் போட்டுவிடுகிறார்கள். முந்தைய தேதி போட்டால் உறுதிமொழிப் பத்திரமும் பில், விளம்பரம் போன்ற ஆதாரமும் கேட்பார்கள். முதல் பில்லின் தேதியும் நீங்கள் போட்ட தேதியும் இடித்தால், குறி டிரேட்மார்க் இதழில் வெளியான பிறகு எதிர்ப்பு மனு போட இருக்கும் 4 மாதத்தில் எதிராளியின் வக்கீல் முதலில் கைவைப்பது அங்கேதான்.