பல் செட் கட்ட அரச ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களுக்கு

பல்லைப் பிடுங்கத்தான் கவர்மெண்ட் ஆஸ்பத்திரி, பல் கட்டுவதென்றால் டவுனில் காசு கொடுத்துத்தான் கட்ட வேண்டும் என்று நம் இலங்கை மலையகத் தோட்டங்களில் நிறையப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது சரியில்லை. பல் செட் கட்டுவதும் அரச பல் மருத்துவ சேவைக்குள் வருவதுதான். எல்லா ஆஸ்பத்திரியிலும் கட்ட மாட்டார்கள், அவ்வளவுதான்.

முதலில் பக்கத்து அரச ஆஸ்பத்திரியின் பல் கிளினிக்குக்குப் போங்கள். தோட்டத்து டிஸ்பென்சரியில் ஒரு துண்டுச் சீட்டு எழுதி வாங்கிப் போனால் நல்லது. அங்கே செட் கட்டும் வசதி இல்லையென்றால், இருக்கிற இடத்துக்குக் கடிதம் தரும்படி நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள். கேட்காததால் பல்லை மட்டும் பிடுங்கிக்கொண்டு திரும்பி வந்தவர்கள்தான் அதிகம். நம் பக்கத்துக்குப் பெரிய இடம் பேராதனைப் பல் போதனா வைத்தியசாலை. ஹட்டன், நாவலப்பிட்டி பக்கமிருந்து கண்டி பஸ்ஸில் ஏறினால் பேராதனையில் இறங்கலாம். அங்கே பல் மருத்துவ மாணவர்கள் மூத்த வைத்தியர்களின் மேற்பார்வையில் வேலை செய்வதால் நேரம் கொஞ்சம் கூடவே எடுக்கும், ஆனால் ஒவ்வொரு கட்டத்தையும் மூத்தவர் ஒருவர் பார்த்துத்தான் விடுவார். பொருளுக்கோ வேறு எதற்கோ காசு கட்ட வேண்டியிருக்குமா என்பதை அளவெடுக்கும் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பாஷையைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் ஆட்கள் பலர் சிங்களம் சரியாக வராது என்று கவுண்டரில் தயங்கி நிற்கிறார்கள். நாட்டின் எந்தப் பகுதியிலும் அரச அலுவலரோடு தமிழில் பேசி அலுவல் பார்க்கும் உரிமையை அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை தருகிறது. தமிழ் தெரிந்தவரைக் கூப்பிடச் சொல்லிக் கேட்பதில் தப்பே இல்லை.

ஒரே நாளில் முடிகிற வேலை இல்லை இது. பல் பிடுங்கிய பிறகு ஈறு ஆற வேண்டும், முழுச் செட் என்றால் இரண்டு மூன்று மாதம்கூடக் காத்திருக்கச் சொல்வார்கள். அப்புறம் அச்செடுக்க, கடி பார்க்க, மெழுகில் வைத்துப் பார்க்க, மாட்ட என்று நாலைந்து தடவை போக வேண்டியிருக்கும். ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போய்விடும் என்பதுதான் நம் சனத்துக்குப் பெரிய தடை, அது எனக்கும் தெரியும். அதனால் திகதி கொடுக்கும்போதே உங்களுக்குத் தோதான நாளைச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள்.

இந்த அலைச்சலுக்குப் பயந்துதான் எங்கள் அம்மா டவுனில் ஒருவரிடம் அரை மணி நேரத்தில் மூன்று பல் ஒட்டிக்கொண்டு வந்தார். கழற்ற முடியாதபடி பக்கத்துப் பல்லோடு சேர்த்து ஒட்டியிருந்தார்கள். அடியில் சாப்பாடு தங்கி, ஈறு சீழ் பிடித்து, கடைசியில் நன்றாக இருந்த இரண்டு பல்லும் போனது. இலங்கை மருத்துவச் சபையில் பதிவு செய்தவர்தான் பல் வைத்தியம் செய்யலாம். பதிவு இலக்கத்தைக் கேளுங்கள், சொல்லத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

இம்ப்ளாண்ட் வேறு விஷயம். தாடை எலும்புக்குள் டைட்டேனியத் திருகாணி வைத்து, அது எலும்போடு ஒட்டிப் பிடிக்க மூன்று முதல் ஆறு மாதம் விட்டு, மேலே பல் பூட்டுவார்கள். கழற்ற வேண்டியதில்லை, கடிக்கவும் பலமாக இருக்கும். ஆனால் பெரும்பாலும் தனியாரில்தான், செலவும் அதிகம். சீனி வருத்தம் கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கும் புகைக்கிறவர்களுக்கும் பிடிக்காமல் போகும் வாய்ப்பு கூட. ஐம்பது, ஐம்பத்தைந்து வயதில் கைக்கு வரும் ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) காசை எடுத்து உடனே இதற்குக் கொடுக்காதீர்கள். முதலில் அரச கிளினிக்கில் வாயைக் காட்டுங்கள், கழற்றி மாட்டும் செட்டே போதும் என்று அவர்கள் சொல்லக்கூடும்.

வெற்றிலை பாக்குப் போடுகிறவர்கள் போகும்போது அதைக் கட்டாயம் சொல்லுங்கள். பாக்கால் வாய் விறைத்து முழுதாகத் திறக்க முடியாமல் போயிருந்தால் அச்செடுப்பதே கஷ்டம். வாய்க்குள் வெள்ளைத் திட்டோ சிவப்புத் திட்டோ ஆறாத புண்ணோ இருந்தால் பல்லை விட அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும், அது புற்றுநோயின் தொடக்கமாகவும் இருக்கலாம்.

செட் கிடைத்த பிறகு இரவில் கழற்றிப் பச்சைத் தண்ணீரில் போட்டு வையுங்கள். சுடுதண்ணீர் பட்டால் கோணிப்போகும். எங்காவது உரசிப் புண்ணானால் வீட்டில் அரத்தால் ராவாதீர்கள், கிளினிக்குக்கே கொண்டு போங்கள். போவதற்கு முதல் நாள் வலித்தாலும் கொஞ்ச நேரம் மாட்டியிருங்கள், எந்த இடத்தில் உரசுகிறது என்று அப்போதுதான் அவர்களுக்குத் தெரியும்.