காக்ளியர் இம்ப்ளாண்ட்: நத்தைச்சுருள் உள்வைப்பு

மண்டபம் வடக்குக் கடற்கரையில் இருக்கும் என் பெரியப்பா இளமையில் சங்கு குளித்தவர். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு காலையில் அவருடைய வலது காது அடைத்துக்கொண்டது. தண்ணீர் ஏறியிருக்கும், தானாக வடிந்துவிடும் என்று இரண்டு மாதம் இருந்துவிட்டார். வடியவில்லை. கேட்கும் திறன் போய், அந்த இடத்தில் இரைச்சல் வந்து குடியேறியது. எங்கள் பக்கம் பாக் நீரிணையைப் பெண் கடல் என்பார்கள். மன்னார் வளைகுடா ஆண் கடல். காற்றில்லாத இரவுகளில் பெண் கடல் குளம் போலக் கிடக்கும். அப்படி ஓர் இரவில் எழுந்து வந்து, "கடல் ஏறியிருக்கிறதா?" என்று பெரியம்மாவிடம் கேட்டிருக்கிறார்.

(காது திடீரென்று கேட்காமல் போனால் ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது. முதல் சில நாட்களுக்குள் ஸ்டீராய்டு மருந்து தொடங்கினால் கேட்கும் திறன் திரும்ப வாய்ப்பு உண்டு. இதை எங்கள் வீட்டில் யாரும் அறிந்திருக்கவில்லை.)

பிறகு ஒரு கடையில் காது மெஷின் வாங்கி மாட்டினார், பயனில்லை. கடந்த ஆண்டு மதுரையில் ஒரு மருத்துவர் "காக்ளியர் இம்ப்ளாண்ட் வைக்கலாமா என்று பார்க்கலாம்" என்றபோது, "மெஷினைத்தான் பார்த்தாகிவிட்டதே" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டார். இரண்டும் அவருக்கு ஒரே மெஷின்தான். அதனால்தான் இந்தச் சொல்லைப் பிரித்துப் பார்க்க உட்கார்ந்தேன்.

'காக்ளியா' என்பதன் வேர் கிரேக்கத்தில் இருக்கிறது. அந்த மொழியில் 'கோக்லோஸ்' என்றால் சுருள் வடிவக் கடற்சிப்பி, 'கோக்லியாஸ்' என்றால் நத்தை. லத்தீன் வழியாக அது உடற்கூறியலுக்கு வந்தது. உட்காதின் சுருளுக்கு அந்தப் பெயரைச் சூட்டியவர் 16ஆம் நூற்றாண்டு இத்தாலிய அறிஞர் ஃபல்லோப்பியோ. பட்டாணி அளவே உள்ள அந்தச் சுருள் ஏறத்தாழ இரண்டரைச் சுற்று சுற்றுகிறது. உள்ளே திரவம், அதில் மயிரணுக்கள். ஒலியின் அதிர்வை மின் துடிப்பாக்கிக் கேள்வி நரம்பிடம் கொடுப்பவை அவைதான்.

தமிழிலும் இதே பொருளோட்டம் உண்டு. 'நந்து' என்ற பழஞ்சொல் சங்கையும் குறிக்கும், நத்தையையும் குறிக்கும். "நந்தும் முரளும் ஈரறி வினவே" என்கிறது தொல்காப்பிய மரபியல். ஈரறிவு என்பது தொடு உணர்வும் சுவையும். செவி ஐந்தாவது அறிவு. செவியே இல்லாத உயிரின் பெயரைத்தான் கிரேக்கர் மொழி நம் செவிக்கு ஈந்திருக்கிறது. இதைப் படித்த நாளிலிருந்து நத்தையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வருகிறது.

காக்ளியாவுக்குச் 'செவிநந்து' என்பது அழகான சொல்தான். ஆனால் விளக்கினால்தான் விளங்கும் சொல் நோயாளிக்கு உதவாது. 'நத்தை எலும்பு' என்றும் எழுதுகிறார்கள். அதை நான் ஏற்கவில்லை. அது எலும்புக்குள் சுருண்டிருக்கும் குழல், தனி எலும்பு அன்று. இந்தக் கரையில் 'சங்கு' என்று சொல்லத் தோன்றும். ஆனால் தொண்டையையும் சங்கு என்கிறோமே. 'நத்தைச்சுருள்' என்பதே சரி.

'இம்ப்ளாண்ட்' என்பதற்குள் இருப்பது லத்தீனில் செடி நடுவதைக் குறிக்கும் சொல். தங்கச்சிமடத்து மல்லிகை நாற்றுகளை நினைத்து 'பதியம்' என்று எழுத ஆசைதான். ஆனால் பதியம் வேர்விடும். இந்தக் கருவி விடாது. எனவே 'உள்வைப்பு'. நத்தைச்சுருள் உள்வைப்பு.

காது மெஷின் ஒலியைப் பெருக்கும். மயிரணுக்கள் அழிந்த காதில் எவ்வளவு பெருக்கினாலும் வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. உள்வைப்பு அந்த இடத்தையே தாண்டிப் போகிறது. காதின் பின்னால் அணியும் பகுதி ஒலியைக் குறியீடாக்கும். தோலுக்கு அடியில் வைத்த பகுதி அதை வாங்கி, சுருளுக்குள் செலுத்திய மெல்லிய மின்முனை வரிசை வழியாக நரம்பை நேரே தூண்டும். நரம்பு நல்ல நிலையில் இருக்க வேண்டும். தொடக்கத்தில் பேச்சு இயந்திரக் குரலாகவே கேட்கும். மாதக்கணக்கில் பழகினால்தான் மூளை அதைப் பேச்சாக ஏற்கும்.

'ஒரு காதுதான் நன்றாக இருக்கிறதே' என்பவர்கள் பெரியப்பாவைப் பாம்பன் மீன் ஏலத்தில் பார்க்க வேண்டும். யார் விலை கேட்டார்கள் என்று தெரியாமல் உடம்பையே திருப்பித் திருப்பிப் பார்ப்பார். ஒலி வரும் திசையை இரண்டு காதுகளும் ஒப்பிட்டே அறிகின்றன; கேட்காத பக்கத்து ஒலியைத் தலையே மறைத்தும் விடுகிறது. மீன்பிடி வல்லத்தில் படகின் வலது ஓரத்தில்தான் உட்காருவார். மற்றவர்கள் இடக்காதுப் பக்கம் இருக்க வேண்டும். கேட்காத பக்கத்து ஒலியை நல்ல காதுக்குக் கடத்தும் கருவிகளும் உண்டு. அவை பேச்சுக்கு உதவும். செத்த காதுக்கு எதையும் ஊட்டாததால் இரைச்சல் அப்படியே இருக்கும்.

அந்த இரைச்சலுக்கு மருத்துவப் பெயர் 'டின்னிட்டஸ்'. மணி ஒலிப்பதைக் குறிக்கும் லத்தீன் வினையிலிருந்து வந்தது. நாம் 'காதிரைச்சல்' என்கிறோம். கடல் இரைவதைச் சொல்லும் அதே சொல். சிலருக்குச் சில்வண்டாகக் கேட்கும், சிலருக்குக் குக்கர் ஆவியாக. நல்ல காதைத் தலையணையில் புதைத்தால் உலகம் அடங்கிவிடும், இது அடங்காது. காதிலிருந்து செய்தி வராதபோது மூளை தன் உணர்திறனைக் கூட்டிக்கொள்வதால் இது எழுகிறது என்பது பெரும்பான்மையோர் ஏற்கும் விளக்கம். செய்தியைத் திரும்பக் கொடுத்தால் குறையுமா என்று பார்த்தவர்கள் பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் மருத்துவர்கள். ஒரு காது கேளாமல், தாங்க முடியாத இரைச்சலோடு இருந்தவர்களுக்கு உள்வைப்புச் செய்து, பலருக்கு இரைச்சல் வெகுவாகத் தணிந்ததை 2008இல் வெளியிட்டார்கள். 2019இல் அமெரிக்கா ஒருபக்கக் கேளாமைக்கு இதை அனுமதித்தது. இரைச்சலுக்கு மட்டும் என்று தனி அனுமதி அங்கே இல்லை. கருவியைக் கழற்றினால் பலருக்கு இரைச்சல் திரும்புகிறது. சிலருக்குக் குறைவதே இல்லை. கேளாமை எத்தனை ஆண்டு நீடித்தது என்பதும் முக்கியம்.

இவ்வளவையும் பெரியப்பாவிடம் திண்ணையில் உட்கார்ந்து சொன்னேன். ஆஸ்திரேலிய மருத்துவர் கிரேம் கிளார்க்கின் கதையையும் சொன்னேன். சுருளுக்குள் மின்முனையை எப்படிச் செலுத்துவது என்று தவித்தவர், 1977இல் ஒரு கடற்கரையில் சிப்பிக்குள் புல் இதழை நுழைத்துப் பார்த்தாராம். அடி விறைப்பாக, நுனி நெகிழ்வாக இருந்தால் உள்ளே போகும் என்று கண்டுகொண்டாராம். அடுத்த ஆண்டே மெல்போர்னில் அவருடைய முதல் உள்வைப்பு அறுவை.

பெரியப்பா எழுந்துபோய் ஒரு சங்கையும் தூண்டில் நரம்பையும் எடுத்து வந்தார். மெல்லிய நரம்பு வாயருகே மடங்கி நின்றது. தடித்தது முதல் வளைவில் முட்டியது. தடித்த நரம்பின் நுனியைக் கத்தியால் சீவி மெலிதாக்கினார். அது வளைந்து உள்ளே போனது. சங்கைக் கண்ணருகே வைத்துப் பார்த்துவிட்டு, "காதுக்குள் இருப்பது வலம்புரியா, இடம்புரியா?" என்று கேட்டார்.

இரண்டு காதின் சுருள்களும் ஒன்றுக்கொன்று கண்ணாடி பிம்பம், பெரியப்பா. ஒன்று வலம்புரி என்றால் மற்றது இடம்புரி என்றேன். இளமை முழுக்கக் குளித்தும் வலம்புரி ஒன்றுகூட அவர் கைக்கு வந்ததில்லை.

அடுத்த வாரம் மதுரைக்கு நரம்புப் பரிசோதனைக்குப் போகிறோம். மருத்துவர் தந்த பழைய சீட்டைத் தேடி எடுத்துவிட்டார். அதில் காக்ளியர் என்றிருக்கும் வரிக்குக் கீழே தமிழிலும் எழுதித் தரச் சொன்னார். எழுதினேன்.