அலையாத்தி நடும் முன் ஓதம் ஏறுகிறதா பாருங்கள்

யுனெஸ்கோ 2015இல் ஜூலை 26ஐ, கடலோரச் சேற்றில் வளரும் அலையாத்திக் காடுகளுக்கான நாளாக அறிவித்தது. நல்ல காரியம்தான். ஆனால் திருவாரூர் மாவட்டத்து முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்கு ஜூலை கோடை நீளும் காலம். சேற்றில் உப்பு ஏறிக் கிடக்கும். இங்கே பெருமளவில் இருக்கும் வெண்கண்டல் என்ற அலையாத்தி மரம் வடகிழக்குப் பருவமழையை ஒட்டித்தான் விதை உதிர்க்கும். படத்துக்காக ஜூலையில் ஊன்றிய கன்று தீபாவளியைப் பார்ப்பது அரிது.

இன்னொரு கோளாறு, சுரபுன்னை என்ற வேறோர் அலையாத்தி மரத்தின் மேல் உள்ள மோகம். அதன் விதை நீளக் குச்சி மாதிரி இருக்கும், சேற்றில் குத்தினால் நிற்கும், எண்ணவும் எளிது. தப்பான இடத்தில் அதையே நட்டுப் பெருவாரியாகப் பறிகொடுத்த நாடு பிலிப்பைன்ஸ்.

மரம் ஏன் போனது என்று கேட்டால்தான் வழி தெரியும். கூப்பு போட்டு, அதாவது காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, மொத்தமாக வெட்டிய இடத்தில் தரை வெயிலில் காய்ந்து தாழ்ந்தது. ஏறிய ஓதம், அதாவது கடல் ஏற்றத்தில் வரும் நீர், வடியாமல் தேங்கி, ஆவியாகி, உப்பு பொரிந்தது. அங்கே கன்று அல்ல, தண்ணீர்ப் போக்குதான் பஞ்சம். வயலுக்குத் தண்ணீர் வருமுன் நாற்றுப் பறிப்பவர் டெல்டாவில் உண்டா?

மீன் முள் வாய்க்கால் இதற்குத்தான். ஆற்றிலிருந்தோ காயலிலிருந்தோ ஒரு தாய் வாய்க்கால், அதிலிருந்து சுமார் 45 பாகைச் சாய்வில் இருபுறமும் கிளைகள். தாய் வாய்க்கால் மேலே அகலமாகவும் அடியில் குறுகலாகவும் சுமார் ஒரு மீட்டர் ஆழம். கிளையில் ஆழம் கொஞ்சம் குறைவு. வெட்டிய மண்ணைக் கரை விளிம்பிலேயே குவித்தால் முதல் மழையில் திரும்பச் சரிந்துவிடும், தள்ளிக் கொட்டுங்கள்.

நடும் இடம் வாய்க்கால் கரைச் சரிவின் நடு. நம் கடலோரத்தில் ஓதம் ஒரு மீட்டருக்கும் குறைவாகவே ஏறி இறங்கும், ஒரு சாண் தப்பினாலும் போச்சு. மேலே நட்டால் காயும், அடியில் நட்டால் மூழ்கி அழுகும். பௌர்ணமி, அமாவாசை ஏற்றத்திலும் வற்றத்திலும் குச்சி ஊன்றி மட்டம் குறித்துக்கொண்டு, இரண்டுக்கும் இடையில் நடுங்கள். வெண்கண்டல் விதையை ஓர் இரவு ஊறவைத்து, தோல் கழன்றதைப் பாதி மட்டும் சேற்றில் புதைத்தால் போதும். ஆடு மாடு வரும் பக்கம் வேலி கட்டாமல் இருக்கக் கூடாது.

இரண்டு மூன்று ஆண்டில் வாய்க்கால் தூர்ந்துவிடும். கணக்கு எழுதும்போது பலரும் விட்டுவிடுவது இந்தச் செலவைத்தான். 1988 வனக் கொள்கையும் 1990ஆம் ஆண்டு மத்திய அரசுச் சுற்றறிக்கையும், வனத்துறையும் ஊராரும் சேர்ந்து காட்டைப் பார்த்துக்கொள்ளும் கூட்டு வன மேலாண்மைக்கு வழி செய்தன. கிராமக் குழு அமைக்கும்போதே வாய்க்காலில் யார் மீன் பிடிப்பது, யார் தூர் வாருவது இரண்டையும் ஒரே தீர்மானத்தில் எழுதிவிடுங்கள். கையால் இறால் தடவிப் பிழைக்கும் பெண்களையும் அந்தக் கூட்டத்துக்குக் கூப்பிடுங்கள். எந்த வாய்க்கால் எங்கே அடைத்திருக்கிறது என்பது அவர்களுக்குத்தான் முதலில் தெரியும்.