டைனோசர் சாணம் வாங்கலாமா?
பட்டர்வொர்த் வாசகர் ஒருவர் படம் அனுப்பிக் கேட்கிறார்: "ஜார்ஜ்டவுன்ல ஒரு கடையில டைனோசர் சாணம்னு 150 வெள்ளி சொல்றாங்க. வீட்டுல வச்சா பணம் தங்குமாம். சாணம் எப்படி சார் கல்லாகும்?"

பணம் கடைக்காரரிடம் தங்கும், அது நிச்சயம். கல்லாவதும் உண்மைதான். எலும்பு புதைபடிவமாகும் கதையைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். எலும்பாவது கெட்டி; சாணம் இரண்டு மழைக்குத் தாங்காதே?

காப்பாற்றுவது பாக்டீரியா. ஊனுண்ணி இரையை எலும்போடு விழுங்குகிறது. எலும்பில் இருப்பது கால்சியம் பாஸ்பேட். வயிற்று அமிலம் கொஞ்சத்தைக் கரைக்க, மிச்சம் சில்லுசில்லாக வெளியே வருகிறது. ஈரச் சேற்றில் அந்தச் சாணம் சட்டென்று புதைந்தால் உள்ளே ஆக்சிஜன் தீர்ந்துபோகும். பாக்டீரியா தின்னத் தின்ன அமிலத்தன்மை கூடும். அப்போது சுண்ணாம்பு படியாது, பாஸ்பேட்தான் படியும். அதுவும் எங்கே? அழுகிக்கொண்டிருக்கும் சதைத் துணுக்கின் மேலும், தின்கிற பாக்டீரியாவின் உடல் மேலுமே! இதற்குக் கோடி வருடம் வேண்டியதில்லை. ஆய்வகத்தில் செத்த இறாலின் சதை சில வாரங்களிலேயே இப்படி மாறியிருக்கிறது. கனடாவின் அல்பர்ட்டாவில் கிடைத்த டைரனோசர் என்ற ஊனுண்ணி டைனோசரின் கழிவு ஒன்றில், செரிக்காத தசைநாரின் வரிகள்கூட அப்படியே இருக்கின்றன.

தழை தின்னியின் சாணத்தில் பாஸ்பேட் குறைவு, அதனால் அது கல்லாவது அரிது. அலங்காரமாக வைக்க ஆசைப்படுவதில் தப்பில்லை. 1829-இல் இவற்றை ஆராய்ந்து எழுதிய ஆங்கிலேயப் புவியியலாளர் வில்லியம் பக்லண்டே, இந்தக் கல்லை வெட்டிப் பதித்த மேசை வைத்திருந்தார்.

சரி, அசலா என்று எப்படிப் பார்ப்பது? சுருண்டு கூம்பி, அச்சு அசலாகச் சாணம் போலவே இருக்கிற கல்லைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்து இரும்புக் கனிமக் கல் பல இந்தப் பெயரில் விலைபோகிறது. உள்ளே எலும்பும் இல்லை, அந்தப் பாறை டைனோசர் காலத்ததும் இல்லை. கனடாவின் சஸ்காட்செவனில் கிடைத்து 1998-இல் அறிவிக்கப்பட்ட இன்னொரு டைரனோசர் கழிவோ 44 சென்டிமீட்டர் நீளம், உள்ளே எலும்புச் சில்லு நிறைந்தது. பூதக்கண்ணாடியில் எலும்போ மீன் செதிலோ தெரிகிறதா பாருங்கள். தெரிந்தாலும் மீன், முதலையின் கழிவாக இருக்கலாம்.

எந்த ஊர், எந்தப் பாறை என்று கேளுங்கள். அது தெரியாத கல்லை வைத்து ஆய்வாளர் அதிகம் சொல்ல முடியாது. நம் பஹாங் மாநிலத்தில் டைனோசர் பல் கிடைத்ததை மலாயாப் பல்கலைக்கழகத்தார் 2014-இல் அறிவித்தார்கள். நம் பாறையிலும் கழிவு கிடைக்கலாம்; தேடிப் போக ஆளும் காசும் ஒதுக்க வேண்டும், ராசிக்கல்லுக்குக் கொட்டுவதில் கால்வாசியாவது.