தவிர்க்கத் தவிர்க்க வளரும் அச்சம்

மட்டக்களப்பில் கல்லடிப் பாலத்தைக் கடந்தால் ஒருபுறம் வாவி, மறுபுறம் கடல். இந்த ஒடுங்கிய நிலத்தில் வாழ்ந்தும், 2004 டிசம்பர் 26 சுனாமியின் பின்னர் ஒருமுறையேனும் கடற்கரைக்குப் போகாதவர்களை உளவளத்துணையாளராக நான் சந்தித்திருக்கிறேன். அவர்களுள் ஒரு தாயைப் பற்றி, அடையாளம் தெரியாதவாறு விவரங்களை மாற்றி எழுதுகிறேன்.

முதலில் கடற்கரை, பின்னர் கடலோர வீதி, பின்னர் அலையோசை கேட்கும் உறவினர் வீடு, கடைசியில் தொலைக்காட்சியில் வரும் கடல் என்று அவர் ஒவ்வொன்றாகத் தவிர்த்து வந்தார். "போகாம இருந்தா நிம்மதியா இருக்கு, அதாலதான் போறல்ல" என்றார். சிக்கலே அந்த நிம்மதியில்தான் இருக்கிறது. விலகியவுடன் படபடப்பு அடங்குவதால், விலகியதால்தான் தப்பினோம் என்று மனம் பழகிவிடுகிறது; அங்கே நின்றிருந்தாலும் ஒன்றும் நேர்ந்திராது என்பதை அறியும் வாய்ப்பு அதற்குக் கிடைப்பதேயில்லை.

ஆகவே அஞ்சுபவற்றை அவரையே பட்டியலிடச் செய்து, ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு எத்தனை அச்சம் என்று குறிக்கச் சொல்லி, குறைந்ததிலிருந்து தொடங்கினோம். முதல் வாரங்களில் அலையோசை ஒலிப்பதிவு மட்டுமே. பிறகு வீதியோரத்தில் நின்று கடலைப் பார்த்தல். படபடப்பு உச்சத்தில் இருக்கும்போது திரும்பிவிடாமல், அது தணியத் தொடங்கும்வரை நிற்பதே முக்கியம். கணவரின் கையைப் பற்றியபடி நிற்பது தொடக்கத்தில் துணையாகலாம். அதையும் மெல்ல விடாவிட்டால், அந்தக் கைதான் காத்தது என்று மனம் நம்பிவிடும். மாரியில் கடல் கொந்தளித்தபோது அவர் மீண்டும் வீட்டுக்குள் முடங்கினார். அதை நான் தோல்வியாகக் கொள்ளவில்லை. இரண்டு படி கீழிறங்கித் தொடர்ந்தோம். அச்சத்தைப் போக்குவதாக எண்ணி ஒருவரைக் கரைக்கு இழுத்துச் செல்லும் உறவினர்களை மன்றாடிக் கேட்கிறேன், அப்படிச் செய்யாதீர்கள். தம் விருப்பத்துடன் எடுத்துவைக்காத அடி அச்சத்தைக் கூட்டவே செய்யும்.

அச்சத்தை வெல்வது எச்சரிக்கையைக் கைவிடுவதன்று. 2012 ஏப்ரல் 11இல் சுனாமி எச்சரிக்கை விடுக்கப்பட்டபோது கரையோர மக்கள் உள்நிலம் நோக்கி நகர்ந்தது சரியான செயல். அதனால் வெளியேறும் பாதையை மகளுடன் நடந்து பார்ப்பதையும் அந்தத் தாயின் பட்டியலில் சேர்த்தோம். என்ன செய்வதென்று தெரிந்த பின்னரே அவரால் ஈர மணலில் கால்வைக்க முடிந்தது.

கொடுங்கனவு, தூக்கமின்மை, அன்றைய நிகழ்வு இப்போதே நடப்பதுபோன்ற தவிப்பு ஆகியவை இருப்பவர்கள் இதைத் தனியே முயல வேண்டாம். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவை நாடலாம்; 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம்.