லைசென்ஸ் முடிந்த பிறகும் ஒரு வருடம் ஓட்டலாம் என்று யார் சொன்னது?

மோட்டார் விபத்து இழப்பீட்டு வழக்குகள் நடத்துகிற வக்கீல் நான். இந்த மாதமும் ஒரு லாரி ஓட்டுநர் நோட்டீஸோடு வந்தார். பழைய டிப்பர் ஒன்றைத் தவணையில் வாங்கி, தானே ஓட்டுகிறவர். விபத்தில் அடிபட்டவருக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பணத்தைக் கட்டிவிட்டது. அதை வட்டியோடு திருப்பித் தரச் சொல்லி இப்போது இவரிடம் கேட்கிறது. விபத்து நடந்த அன்று இவருடைய லைசென்ஸ் காலாவதியாகிச் சில மாதங்கள் ஆகியிருந்தன.

"ஒரு வருஷம் டைம் இருக்குல்ல சார்?"

இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

அந்த ஒரு வருடம் புதுப்பிப்பதற்கான அவகாசம். வண்டி ஓட்டுவதற்கான அவகாசம் இல்லை. ஒரு வருடத்துக்குள் விண்ணப்பித்தால் மறுபடி ஓட்டிக் காட்டும் தேர்வு வேண்டாம், அவ்வளவுதான். முன்பு லைசென்ஸ் முடிந்த பிறகும் 30 நாள் செல்லும் என்று சட்டத்தில் ஒரு வரி இருந்தது. 2019 திருத்தத்தில் அதையும் எடுத்துவிட்டார்கள். முடிந்த தேதிக்கு மறுநாளே நீங்கள் லைசென்ஸ் இல்லாதவர். விபத்துக்குப் பிறகு ஓடிப்போய்ப் புதுப்பித்தாலும் பயனில்லை. தாமதமாகப் புதுப்பித்தால் அது புதுப்பித்த நாளிலிருந்துதான் செல்லும். நடுவில் விழுந்த ஓட்டையை எந்த முத்திரையும் அடைக்காது.

இன்னொரு குழப்பம் கார்டிலேயே இருக்கிறது. அதில் இரண்டு தேதிகள் இருக்கும். என்.டி. என்று இருப்பது சொந்த உபயோக வண்டிகளுக்கு, டி.ஆர். என்று இருப்பது வாடகை, சரக்கு வண்டிகளுக்கு. டி.ஆர். ஐந்து வருடம்தான். வந்தவர் என்.டி. தேதியில் விரலை வைத்து, "இன்னும் எவ்வளவோ வருஷம் இருக்கே சார்" என்கிறார். டிப்பருக்கு அந்தத் தேதி உதவாது.

உடனே சிலர் 2024 நவம்பர் தீர்ப்பைக் காட்டுவார்கள். இலகுரக வாகன லைசென்ஸ் இருந்தால் 7,500 கிலோ வரையுள்ள போக்குவரத்து வண்டிகளையும் ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு சொன்னது உண்மை. நல்ல தீர்ப்பு. ஆனால் அந்த எடையைத் தாண்டும் லாரிக்கும் பஸ்ஸுக்கும் அது பொருந்தாது.

அப்புறம், சொந்த வண்டி ஓட்டுகிறவருக்குச் சிக்கல் இரட்டிப்பு. வேறொருவர் ஓனராக இருந்தால், ஓட்டுநரின் லைசென்ஸ் விஷயத்தில் தான் கவனக்குறைவாக இல்லை என்று வாதாட அவருக்கு இடமுண்டு. ஓனரும் ஓட்டுநரும் ஒரே ஆள் என்றால் அந்த வாதத்துக்கே வழியில்லை. முதலில் கம்பெனி கட்டட்டும், பிறகு ஓனரிடம் வசூலிக்கட்டும் என்று தீர்ப்பாயம் உத்தரவிடும். கட்ட முடியாவிட்டால் வண்டி ஜப்திக்குப் போகும்.

சரி, ஏன் புதுப்பிக்கவில்லை? நான் கேட்டவர்களில் சோம்பலைச் சொன்னவர் குறைவு. லைசென்ஸ் முடிகிற வாரத்தில் கையில் பணமில்லை. கட்டணம் 200 ரூபாய்தானே என்று அதிகாரிகள் சொல்வார்கள். கார்டுக்குத் தனி, டாக்டர் சர்டிஃபிகேட்டுக்குத் தனி, புரோக்கருக்குத் தனி, அன்றைய ஓட்டமும் போச்சு. தள்ளிப்போட்டுக் கெடு தாண்டினால் ஆண்டுக்கு 1,000 ரூபாய் கூடுதல் கட்டணம். 200 கட்ட முடியாமல் தள்ளிப்போட்டவரிடம் ஆயிரம் கேட்டால் அவர் எப்படி வருவார்? பயந்துகொண்டு அப்படியே ஓட்டுகிறார். இந்தக் கூடுதல் கட்டணம் மனிதரை ஆர்டிஓ ஆபீஸிலிருந்து விரட்டத்தான் செய்கிறது.

இதைத் தள்ளுபடி செய்யப் புதுச் சட்டம் எதுவும் வேண்டியதில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 211-ஆவது பிரிவைப் பாருங்கள். பொதுநலன் கருதி எந்த வகுப்பினருக்கும் கட்டணத்தை முழுவதுமாகவோ ஒரு பகுதியையோ விலக்க அரசுக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறது. கொரோனா காலத்தில், 2020 பிப்ரவரி 1-க்குப் பிறகு காலாவதியான லைசென்ஸ்கள் 2021 அக்டோபர் 31 வரை செல்லும் என்று மத்திய அரசே படிப்படியாக நீட்டித்தது. மனம் வைத்தால் முடியும் என்பதற்கு அதுவே போதும். யார் ஏழை என்று கண்டுபிடிக்கத் தாசில்தார் ஆபீஸில் வரிசை நிற்க வைக்கவும் வேண்டாம். அமைப்புசாரா ஓட்டுநர்களுக்கு நல வாரியம் இருக்கிறது. அதில் பதிந்தவர்களுக்குப் புதுப்பிப்புக் கட்டணமும் கூடுதல் கட்டணமும் இல்லை என்று ஓர் உத்தரவு போட்டால் போதும். சங்கத்துக்காரர்கள் இந்தப் பிரிவைக் குறிப்பிட்டு மனு எழுதுங்கள். சட்ட வாசகத்தைச் சரிபார்க்க நான் வருகிறேன், ஃபீஸ் வேண்டாம்.

உத்தரவு வரும்வரை காத்திருக்காதீர்கள். இப்போதே கார்டை எடுத்து டி.ஆர். தேதியைப் பாருங்கள். முடிவதற்கு ஒரு வருடம் முன்பிருந்தே புதுப்பிக்கலாம். சாரதி இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம், புரோக்கருக்குத் தண்டம் அழாதீர்கள். ஏற்கெனவே முடிந்துவிட்டதா? தயவுசெய்து சாவியை வீட்டில் கொடுத்துவிட்டுப் புதுப்பிக்கக் கிளம்புங்கள். ஒரு வருடம் தாண்டினால் மறுபடி தேர்வுக்கு வண்டியோடு போய் நிற்க வேண்டும். ஓனர்களே, சம்பளம் கொடுக்கிற அன்று ஓட்டுநரின் கார்டையும் வாங்கிப் பாருங்கள். முடியப்போகிறது என்றால் அந்தக் கட்டணத்தை நீங்களே கட்டிவிடுங்கள்.